கேஸே இல்லாத எபிசோடு, அதுதான் டிடெக்டிவ் கதை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய இங்கிலீஷ் டிடெக்டிவ் சீரியல்களைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, சந்தோஷம், இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில இடம் கிடைக்கறதே பெருசு. ஆனா அதுல மேக்னம் பி.ஐ.க்கு மொத்தமே நாலு வரிதான். செவப்பு ஃபெராரி, மீசை, பூப்போட்ட சட்டை, ஹவாய் பீச்சு, வாரத்துக்கு ஒரு பொண்ணு, வாரத்துக்கு ஒரு அடிதடி, அவ்வளவுதான் சீரியல்னு எழுதினவரு முடிச்சிட்டாரு. தொடக்க மியூசிக்கை மட்டும் கேட்டுட்டு டிவியை அடைச்சிட்டு தூங்கப் போயிட்டாரு போல.

நான் ஒரே ஒரு எபிசோடு பத்தி சொல்றேன், வாசகருங்க முடிவு பண்ணிக்கட்டும். நாலாவது சீசனோட முதல் எபிசோடு, 1983 செப்டம்பர்ல அமெரிக்காவுல சிபிஎஸ் டிவியில வந்தது, பேரு ஹோம் ஃப்ரம் தி சீ. அதுல கொலை இல்ல. திருட்டு இல்ல. அழுதுக்கிட்டே கதவைத் தட்டி கேஸ் கொடுக்கற அழகான பொண்ணு இல்ல. துப்பாக்கியை நீட்டற வில்லன் கூட இல்ல. கிட்டத்தட்ட முழு எபிசோடும் ஒரு மனுஷன் நடுக்கடல்ல மூழ்காம இருக்கப் பாக்கறான், அவ்வளவுதான் கதை. டிடெக்டிவ் சீரியல்ல இப்படி ஒண்ணை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிங்க, அதுவும் ஹிட்டா ஓடிக்கிட்டிருக்கற சீரியலு, புது சீசனோட முதல் வாரம், எல்லாரும் ஃபெராரியைப் பாக்க காத்துக்கிட்டிருக்கறப்ப.

சின்னப் பிள்ளைங்களுக்கு தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். டாம் செலக் தான் தாமஸ் மேக்னம். வியட்நாம் சண்டையில கடற்படையில இருந்துட்டு, அதை விட்டுட்டு வந்து ஹவாயில பிரைவேட் டிடெக்டிவா பொழப்பு நடத்தறவன். ராபின் மாஸ்டர்ஸ்னு ஒரு பணக்கார எழுத்தாளரோட பங்களாவுல ஓசியில தங்கியிருக்கான், அந்த ஃபெராரியும் அவரோடதுதான், இவனுக்கு சொந்தமா ஒரு நல்ல காடி வாங்க வக்கில்ல, இதையே அந்தக் கட்டுரைக்காரரு கவனிக்கல பாருங்க. பங்களாவை பாத்துக்கறவரு ஹிக்கின்ஸ், முன்னாள் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரரு, ரெண்டு டாபர்மேன் நாயி வச்சிருப்பாரு, மேக்னத்துக்கும் அவருக்கும் எப்பப் பாத்தாலும் மாமியா மருமக சண்டைதான். (அந்த ஹிக்கின்ஸா நடிச்ச ஜான் ஹில்லர்மேன் அசல் டெக்ஸாஸ்காரரு, அந்த இங்கிலீஷ்கார துரை பேச்செல்லாம் பழகிக்கிட்டது, எங்க தெருவுல இன்னமும் இதை நம்பாதவங்க இருக்காங்க.) அப்புறம் ரெண்டு கூட்டாளி, ஹெலிகாப்டர் ஓட்டற டிசி, கிளப்பு நடத்தற ரிக், ரெண்டு பேரும் மேக்னத்தோட சேந்து வியட்நாம்ல இருந்தவங்க. இந்த நாலு பேருதான் சீரியலு. 1980 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1988 மே மாசம் வரைக்கும் 8 சீசன் ஓடிச்சு.

இப்ப எபிசோடுக்கு வர்றேன். ஜூலை 4, அமெரிக்காவோட சுதந்திர நாளு. ஊரே வெடி, பார்ட்டின்னு கிடக்குது, இவன் மட்டும் அன்னிக்கு தனியாத்தான் இருப்பான். சர்ஃப் ஸ்கி எடுத்துக்கிட்டு கடலுக்குள்ள போறான், அது கயாக் மாதிரி நீளமா மெல்லிசா இருக்கும், மேல உக்காந்து துடுப்பு போடணும். வேகமா ஒரு மோட்டார் படகு பக்கத்துல போகுது, படகுல இருக்கறவங்க இவனை கவனிக்கல, அது கிளப்பின அலையில ஸ்கி கவுந்து அது ஒரு பக்கம் போயிடுது, இவன் ஒரு பக்கம். ஹவாயில ஓவாஹூ, மொலொக்காய்னு ரெண்டு தீவுக்கு நடுவுல இருக்கற கடல் அது, நீரோட்டம் ஆளை இழுத்துக்கிட்டே போற இடம். நீந்தி கரைக்கு வரலாம்னா கரை கிட்ட வர மாட்டேங்குது. மிச்சம் இருக்கறது ஒரே வழி, இருக்கற எடத்துலயே காலை மெதுவா ஆட்டிக்கிட்டு தலையை தண்ணிக்கு மேல வச்சுக்கிட்டு யாராவது வர்ற வரைக்கும் காத்திருக்கறது, நிலை நீச்சல். சாயங்காலம் ஆகுது, ராத்திரி ஆகுது, யாரும் வரல. சுறா சுத்துது.

இதை சோபாவுல உக்காந்து பாக்கறவங்க இதென்ன பெரிய விஷயம்னு நினைப்பாங்க. நம்ம பினாங்கு பத்து ஃபிரிங்கி பீச்சுக்குப் போயி கழுத்தளவு தாண்டி ஒரு பத்து நிமிஷம் நிலை நீச்சல் போட்டுப் பாருங்க, ஜெல்லிஃபிஷ் கணக்கை விட்டுடுங்க, காலு முதல்ல கனக்கும், அப்புறம் மூச்சு தப்பும், அப்புறம் ஒரு சின்ன அலை உப்புத் தண்ணியை வாயில ஊத்தும், அப்பத்தான் பயம் வரும், பயம் வந்தா கை காலை வேகமா அடிப்போம், வேகமா அடிச்சா சீக்கிரம் களைச்சுப் போவோம். இந்த வரிசையை அந்த எபிசோடு அப்படியே காட்டுது. அவன் கடற்படையில பயிற்சி எடுத்த ஆளு, அதனால பயத்தை அடக்கி அடக்கி வைக்கறான், தனக்குத் தானே பேசிக்கறான், ஜோக் அடிச்சுக்கறான், திட்டிக்கறான். இன்னொண்ணு, ஹவாய் கடல் நம்ம கடல் மாதிரி வெதுவெதுன்னுதான் இருக்கும், ஆனா தண்ணி உடம்புச் சூட்டை காத்தை விட 20, 25 மடங்கு வேகமா உறிஞ்சிடும், அதனால வெதுவெதுப்பான கடல்லயும் விடிய விடிய கிடந்தா உடம்பு நடுங்க ஆரம்பிச்சிடும். மீன் பிடிக்கப் போறவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க.

அந்த நேரத்துலதான் பழைய ஞாபகம் வருது. சின்னப் பையன் தாமஸ் தண்ணியில நிக்கறான், அவங்க அப்பா வாட்சைப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கறான்னு எண்ணறாரு, இன்னும் கொஞ்சம்டா, இன்னும் கொஞ்சம்டான்னு. அப்பாவும் கடற்படைதான். கொரியா சண்டைக்குப் போறாரு, திரும்பி வரல. பையன் அப்பாவை அடக்கம் பண்றதைப் பாக்கறான். அவ்வளவு பெரிய ஆளு, மீசையும் ஃபெராரியுமா மூணு சீசனா சுத்தினவன், அவனுக்குள்ள அந்தப் பையன் அப்படியே நின்னுக்கிட்டிருக்கான்னு அன்னிக்குத்தான் நமக்கு தெரியுது. கடைசியில, ராத்திரி பூரா தாக்குப் பிடிச்சு பொழைச்சதுக்கு அப்புறம், இல்லாத அப்பாவைப் பாத்து கேக்கறான், அப்பா நான் தாக்குப் பிடிச்சிட்டேன், நீங்க ஏன் பிடிக்கலன்னு. நன்றி அப்பா நீங்க கத்துக் கொடுத்ததுன்னு சொல்ல வச்சிருந்தா சாதாரண எபிசோடு ஆயிருக்கும். அப்படி சொல்லாம கோவமா ஒரு கேள்வி கேக்க வச்சாங்க பாருங்க, அதை எழுதினவங்களுக்கு கை எடுத்து கும்பிடணும்.

இதை நான் எங்க அப்பாவோட உக்காந்துதான் பாத்தேன், ஜெலுத்தோங் வீட்டுல. அவரு துறைமுகத்துல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவரு, இங்கிலீஷ் அவ்வளவா வராது, அடிதடி வந்தா பாப்பாரு, இல்லன்னா பேப்பரை விரிச்சிடுவாரு, அன்னிக்கு பேப்பரை விரிக்கல. கடைசியில அந்த ஆளு என்ன கேட்டான்னு என்னைக் கேட்டாரு, சொன்னேன். "கேக்கத்தான் செய்வான்"ன்னாரு. எங்க தாத்தா கெடா மாநிலத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல கித்தா (ரப்பர்) மரம் வெட்டினவரு, ஜப்பான்காரன் காலத்துல 1943ல சயாமுக்கு, இப்பத்த தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட கூட்டிட்டுப் போனாங்க, மூணு மாச வேலை நல்ல சம்பளம்னு சொல்லி. அப்ப எங்க அப்பா லயத்து வாசல்ல ஓடி விளையாடற சின்னப் பையன். சயாமுல பான் போங்ங்கற ஊருலேர்ந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை, அந்த வருஷம் அக்டோபர்ல ரெண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் சேத்துட்டாங்க, தாத்தா வரல. செத்துட்டாருன்னும் யாரும் வந்து சொல்லல. சேதி வராததால எங்க பாட்டி கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கல, தாலியைக் கழட்டல, யாரு சொன்னாலும் கேக்கல. பாட்டி போனதுக்கு அப்புறந்தான் எங்க அப்பா தாத்தாவுக்கு திதி கொடுக்க ஆரம்பிச்சாரு, செத்த நாளு தெரியாதில்ல, அதனால ஆடி அமாவாசைக்கு.

நம்ம சனத்துல எத்தனையோ வீட்டுல இப்படி ஒரு காணாமப் போன கேஸு தீராம கிடக்கு ஐயா, துப்பறிய ஒரு டிடெக்டிவும் வரல. அதனாலதான் சொல்றேன், ஹவாயில ஒரு அமெரிக்காக்காரன் கேட்ட கேள்வி இங்க தோட்டத்துலேர்ந்து வந்த குடும்பங்களுக்கு ரொம்பப் பக்கத்து கேள்வி. இன்னொரு விஷயம் பாருங்க, அந்தப் பையனோட அப்பாவைக் கொண்டு போன அதே கொரியா சண்டையிலதான், 1950, 51ல, நம்ம மலாயாவுல கித்தா விலை கிடுகிடுன்னு ஏறிச்சு, தொரைமாருக்கு நல்ல காசு. எங்கயோ ஒரு வீட்டுல எழவு, இங்க தோட்டத்துல லாபம். உலகமே இப்படித்தான் சுத்துது போல.

சரி, சீரியலுக்கே வர்றேன். கட்டுரை எழுதினவரு கேக்கலாம், கேஸே இல்ல, அப்புறம் இது எப்படிங்க டிடெக்டிவ் கதைன்னு. நல்லாப் பாருங்க, கேஸு இருக்கு, காணாமப் போனவன் டிடெக்டிவே. துப்பறியறது யாரு? டிசி, ரிக், ஹிக்கின்ஸ். மூணு பேரும் அவங்கவங்க சொந்த வேலையில இருக்காங்க, மூணு பேருக்கும் தனித்தனியா மனசுல ஏதோ உறுத்துது, ஏதோ சரியில்லன்னு தோணுது. தடயம்னு கையில ஒண்ணும் கிடையாது. ரத்தக்கறை இல்ல, கைரேகை இல்ல, சிகரெட் துண்டு இல்ல. அவங்க கிட்ட இருக்கறதெல்லாம் ஒண்ணுதான், அந்த ஆளை அவங்களுக்கு நல்லாத் தெரியும். இந்த நாளுல இவன் எப்படி இருப்பான், எங்க போவான், எவ்வளவு நேரத்துல திரும்பி வந்திருக்கணும், இதெல்லாம் வருஷக்கணக்கா கூடவே இருந்து தெரிஞ்சது. அதை வச்சுத்தான் தேடறாங்க. எத்தனையோ மாத நாவல் படிச்சவன் நான், அதுலயெல்லாம் ஹீரோ ஒரு தலைமுடியை எடுத்து வெளிச்சத்துல காட்டி கொலைகாரன் யாருன்னு சொல்லிடுவாரு, படிக்க ஜாலியாத்தான் இருக்கும், ஆனா ஒரு ஆளைப் பத்தித் தெரிஞ்சிருக்கறதே பெரிய துப்புன்னு காட்டினது இந்த எபிசோடுதான். அதுலயும் ஹிக்கின்ஸைப் பாருங்க, தினமும் அவனோட சண்டை போட்ட மனுஷன், அவனை எப்படா பங்களாவை விட்டு விரட்டலாம்னு இருந்த மனுஷன், அவருக்கும் உறுத்துதில்ல, அங்கதான் எனக்கு கண்ணு கலங்கிடும்.

இந்த சீரியல்ல வியட்நாம் சும்மா பேச்சுக்கு வர்றது இல்ல. அந்தக் காலத்து டிவியில வியட்நாம்லேர்ந்து வந்தவன்னா ஒண்ணு பைத்தியம், இல்ல துப்பாக்கி எடுத்து ஊரைச் சுடறவன், இப்படித்தான் காட்டுவாங்க. இதுல அவங்க சாதாரண ஆளுங்க, வேலைக்குப் போறாங்க, கடன் வாங்கறாங்க, பியர் குடிக்கறாங்க, ஆனா உள்ள ஏதோ ஒண்ணு ஆறாம இருக்கு. 1982ல மூணாவது சீசன் ஆரம்பிச்சப்ப வந்த டிட் யூ சீ தி சன்ரைஸ் எபிசோடு பாத்தவங்களுக்குத் தெரியும், கடைசியில மேக்னம் கையில ஆயுதம் இல்லாத ஒரு ஆளை நேருக்கு நேரா நின்னு சுட்டுடறான். அவன் இவங்களை வியட்நாம்ல சித்திரவதை பண்ணினவன், கூட்டாளியைக் கொன்னவன், இருந்தாலும் ஹீரோ அப்படி சுடலாமா? அதுக்கு சீரியலு பதில் சொல்லல, சத்தம் கேக்குது, முடிஞ்சிடுது. மூளைக்கு வேலை இல்லாத சீரியலு இப்படி முடிக்குமா?

பினாங்குக்காரங்களுக்கு இதுல இன்னொரு சொந்தமும் இருக்கு. வியட்நாம் சண்டை நேரத்துல அமெரிக்கப் பட்டாளத்துக்காரங்களுக்கு சில நாள் லீவு கொடுத்து வெளியூருக்கு அனுப்புவாங்க, அந்த லிஸ்டுல ஹொனலுலுவும் உண்டு, நம்ம பினாங்கும் உண்டு, கோலாலம்பூரும் உண்டு. எங்க தெரு பெரியவங்க சொல்லுவாங்க, முடியை ஒட்ட வெட்டின இருபது வயசுப் பசங்க சைக்கிள் ரிக்‌ஷாவுல உக்காந்து சிரிச்சுக்கிட்டே போவானுங்களாம், டிப்ஸை வாரி இறைப்பானுங்களாம், லீவு முடிஞ்சு போறப்ப முகமே மாறிப் போயிருக்குமாம். டிசியும் ரிக்கும் அந்த வயசுப் பசங்கதான். அப்படி நினைச்சுக்கிட்டு பாருங்க, சீரியலு வேற மாதிரி தெரியும்.

நம்ம ஊரு தமிழ் டிராமா எடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை, அந்தக் கட்டுரையோட கடைசியில நம்மளும் இந்த மாதிரி எடுக்கணும்னு எழுதியிருந்தாரே, அதுல மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப் போகுது. ஆனா எப்படி எடுக்கறீங்க? ட்ரோன்ல ரெட்டைக் கோபுரம், உச்சி வெயில்ல கறுப்பு கோட்டு, ஸ்லோமோஷன்ல காடிக் கதவு திறக்குது, லேப்டாப்புல ரெண்டு தட்டு தட்டினா வில்லனோட ஜாதகமே வந்துடுது. ஐயா, இங்க பிரைவேட் டிடெக்டிவ் வேலை பாக்கணும்னா 1971ம் வருஷத்து சட்டம் இருக்கு, உள்துறை அமைச்சு லைசன்ஸ் வேணும், அவங்க வேலை பெரும்பாலும் கோட்டு போட்டுக்கிட்டு பண்றது இல்ல, எவனோ ஒருத்தன் பொண்டாட்டிக்குத் தெரியாம எங்க போறான்னு மாமாக் சாப்பாட்டுக் கடை ஓரமா பழைய காடியில உக்காந்து தே தாரிக் டீ ஆறிப்போக ஆறிப்போக காத்துக்கிட்டிருக்கறது. அதை எடுங்களேன். அந்த ஆளுக்கு ஒரு அக்கா இருக்கட்டும், கடன் இருக்கட்டும், பட்டர்வொர்த்துல ஒரு கூட்டாளி இருக்கட்டும், சண்டை போடற வீட்டுக்கார அங்கிள் இருக்கட்டும். முதல் ஏழெட்டு வாரம் கேஸு போடுங்க, ஒரு வாரம் கேஸே இல்லாம அந்த ஆளைப் பத்தி மட்டும் போடுங்க. ஆனா அந்த ஏழெட்டு வாரமும் நல்லா இருந்தாத்தான் அந்த ஒரு வாரம் நிக்கும், இதையும் சொல்லிடணும். மூணு சீசன் அவனை ஜாலியா சுத்த விட்டதுனாலதான் நாலாவது சீசன்ல கடல்ல தள்ளி விட்டப்ப நமக்கு வலிச்சுது, எடுத்த எடுப்புலயே தள்ளியிருந்தா யாரோ ஒரு வெள்ளைக்காரன் தத்தளிக்கறான்னு சேனலை மாத்தியிருப்போம்.

புது மேக்னம் ஒண்ணு 2018லேர்ந்து வந்துச்சே, அதைப் பத்தி கட்டுரையில ஒண்ணும் இல்ல. ஜே ஹெர்னாண்டஸ் நல்ல நடிகரு, ஹிக்கின்ஸை பொண்ணா மாத்தினது கூட எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியல, என் மக அதைத்தான் விரும்பிப் பாக்கறா. ஆனா அதுல எல்லாரும் எல்லா நேரமும் ஓடிக்கிட்டே இருக்காங்க. ஒரு எபிசோடு நின்னு மூச்சு விட மாட்டேங்குது.

அதனால ஆசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள், அடுத்த தடவை இந்தப் பக்கம் போடறப்ப ஒவ்வொரு சீரியலுக்கும் நாலு வரின்னு பங்கு பிரிக்காம ஏதாவது ஒரே ஒரு எபிசோடை எடுத்து முழுசா எழுதச் சொல்லுங்க. எழுதினவரு மேல எனக்கு சொந்தக் கோவம் ஒண்ணும் இல்ல. அவருக்கு வேணும்னா நாலாவது சீசன் டிவிடி என் கிட்ட இருக்கு, ஆஃபீஸ் மூலமா கேட்டா இரவல் தர்றேன், ஆனா பத்திரமா திருப்பித் தரணும், டப்பா மூடி உடைஞ்சிருக்கறது ஏற்கனவே உடைஞ்சதுதான், அதுக்கு அவரைக் கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு